கயலுக்கு ஓர் ஆற்றங்கரை

ஆன்ழே,
ஏப்ரல் 12

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பயண அட்டவணையும் கிடைத்தன. நார்மண்டிக் கடற்கரையில் விஸ்த்ரெயாமில் தொடங்கி லா ரொஷேலில் முடிப்பதாக எழுதியிருக்கிறாய். வெலோ பிரான்செத் பாதை முழுவதும், 600 கிலோமீட்டருக்கு மேல், ஆறே நாளில். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். மாமாவிடம் படித்துக் காட்டினேன். “தபால் கொண்டுபோகிறாளா?” என்று கேட்டார்.

பரீட்சை முடிந்த கையோடு பாரிஸ் இரைச்சலை விட்டுவிட்டு, காரே வராத இடத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் ஆசை. முதல் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்து அட்டவணைக்கும் அந்த ஆசைக்கும் ஒட்டே இல்லை. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவள் முன்சக்கரத்தையும் கடிகாரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் நான் சொல்வதைக் கேள். அந்தப் பாதையின் நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொள். மயேன் நகரத்திலிருந்து மயேன் ஆற்றோடே தெற்கே இறங்கி, லவால், ஷாத்தோ-கொன்த்தியே வழியாக ஆன்ழேக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கு. ஏறக்குறைய 130, 140 கிலோமீட்டர்தான். உன் ஆறு நாளையும் அதற்கே கொடு.

லுவார் ஆற்றுப் பாதைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தாய். அரண்மனைகள் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். நல்ல பாதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடையில் அங்கே ஊர்வலம்தான். பல இடங்களில் கார்கள் போகும் கரைச்சாலையிலேயே சைக்கிளும் போகும். மயேன் பள்ளத்தாக்கில் பேர்பெற்ற அரண்மனை வரிசை கிடையாது. கூட்டம் வராததற்கு அதுதான் காரணம், நமக்கு அதுதான் லாபம்.

இந்த ஆற்றங்கரை ஏன் இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறது என்று நீ தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆதியிலிருந்தே அப்படி இருந்த இடமல்ல அது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே இதில் சரக்குப் படகு ஓடியது. லவால் அப்போது லினன் துணிக்குப் பேர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசாங்கம் இந்த ஆற்றை முழுதாகவே கைக்குள் கொண்டுவந்தது. சில கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பணை, அதன் ஓரத்தில் படகை ஏற்றி இறக்க ஒரு மதகு, மதகைக் காக்கிறவருக்குக் கரையில் ஒரு வீடு. இந்தப் படகு மதகை அங்கே எக்லூஸ் என்பார்கள். ஆற்றின் ஒரு கரையில், படகைக் கயிறு கட்டி இழுக்கும் குதிரைகளுக்கென்று தட்டையான பாதை போட்டார்கள். சுண்ணாம்பு, நிலக்கரி, தானியம் எல்லாம் இந்த வழியாகத்தான் போயின. அமிலம் மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டுத்தான் இந்தப் பகுதி விவசாயம் தலையெடுத்தது. பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன.

ஆனால் 1855-இலேயே லவாலுக்கு ரயில் வந்துவிட்டது. ஆற்றில் மதகு கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதற்குப் போட்டி வந்து நின்றது. படகுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, குதிரைகளும் போய், வியாபாரம் நொடித்துப்போன பிறகு மிஞ்சியது இந்தக் கரைப்பாதை. குதிரை நடக்கப் போட்டதால் மேடு பள்ளம் கிடையாது. மதகு வரும் இடத்தில் மட்டும் சின்னச் சரிவு. மயேனிலிருந்து ஷாத்தோ-கொன்த்தியேவுக்குக் கொஞ்சம் தெற்கே வரை, 80 கிலோமீட்டருக்கு மேல், மோட்டார் வண்டி உள்ளே வர முடியாது. காரும் லாரியும் மேட்டில், 162-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகின்றன. நீ கீழே போகும்போது அந்தச் சாலை இருப்பதே பெரும்பாலும் தெரியாது. தோற்றுப்போன ஒரு வியாபாரத்தின் மிச்சத்தில் நீ சைக்கிள் ஓட்டப் போகிறாய், அவ்வளவுதான்.

இதனாலேயே உன் போனில் இருக்கும் வழிகாட்டியை நம்பாதே. ஆறு வளைந்து வளைந்து போகும். போனுக்கு வளைவு பிடிக்காது. குறுக்கு வழி என்று சொல்லி உன்னை மேட்டில் ஏற்றி லாரிகளுக்கு நடுவில் விட்டுவிடும். வழியோரத்துப் பலகைகளைப் பார்த்துப் போ. ஆறு பக்கத்திலேயே இருக்கும்வரை வழி தவற வாய்ப்பில்லை.

மயேன் நகரத்துக்குப் பயணிகள் ரயில் இப்போது கிடையாது. ஆகவே பாரிஸ் மோன்பர்னாசில் ஏறி லவாலில் இறங்கு. 2017-இல் புதிய அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். முதல் நாள் அங்கிருந்து வடக்கே, ஆற்றை எதிர்த்து மயேன்வரை போ. இரண்டு நாளில் அதே பாதையில் நிதானமாகத் திரும்பி லவாலுக்கு வா. ஒரே வழியில் இரண்டு தரமா என்று முகம் சுளிக்காதே. போகும்போது வெயில் முதுகில், வரும்போது முகத்தில். போகும்போது கண்ணில் படாத பாதி விஷயம் வரும்போதுதான் தெரியும். நாரை நிற்கும் திட்டு, மீன்கொத்தி உட்காரும் கிளை, நீருக்குள் தலையை மட்டும் நீட்டி நீந்தும் ராகொந்தான். அந்தக் கடைசிப் பிராணியைப் பார்த்துப் பெருச்சாளி என்று அலறாதே. ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்து, பிறகு தப்பித்துப் பெருகிய பெரிய கொறிக்கும் பிராணி. உன்னை ஒன்றும் செய்யாது.

காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது உன் வழக்கம் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் 2015 ஜூலையிலிருந்து சைக்கிளில் காதில் இயர்போன் மாட்டுவது குற்றம். 135 யூரோ அபராதம். போலீஸ்காரர் ஆற்றங்கரைக்கு வந்து பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் மாட்டாதே. இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்த தடுப்பணை வரப்போவதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து கலிங்கில் நீர் விழும் ஓசை முதலில் மெல்ல வரும், பிறகு பெருகும், மதகு வீட்டைக் கடந்ததும் பின்னால் தேய்ந்துபோகும். அதற்கப்புறம் அடுத்த அணைவரை தேங்கிய நீர், அசைவே இருக்காது. நாள் முழுக்க இப்படியேதான்.

இனி நேரம். நீ கவனிக்காத விஷயம் இதுதான், இதில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாரிசில் எந்த நேரமும் ஏதாவது திறந்திருக்கும். இங்கே கிராமத்தில் பன்னிரண்டு மணி அடித்ததும் கடைக்கதவு சாத்தப்படும். இரண்டு மணிக்கு, சில இடங்களில் மூன்றுக்குத் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. திங்கட்கிழமை பேக்கரியே மூடியிருக்கலாம். மே மாதம் போனால் 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, ஏசு விண்ணேற்ற வியாழன் என்று விடுமுறை வரிசையாக வரும். ஆகவே காலையில் புறப்படும்போதே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொள். பன்னிரண்டு மணிக்கு ஊரே சாப்பிட உட்காரும்போது நீயும் ஒரு மதகு வீட்டு நிழலில் உட்கார். இரண்டு மணிவரை எழுந்திருக்காதே. உன் இருபது நிமிடத்தை அடித்துவிட்டு இரண்டு மணி நேரம் என்று எழுது. இந்த ஒரு திருத்தம் செய்தால் போதும், மீதி அட்டவணை தானே சரியாகிவிடும்.

குடிநீர் தீர்ந்துவிட்டால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத நீர் என்றால் பலகை வைத்திருப்பார்கள். இந்த நாட்டுச் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. நம் ஊர்ப் பழக்கத்தில் உனக்குத் தயக்கமாக இருக்கும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தாகம் எடுக்குமுன் குடி, பசிக்குமுன் தின். இது நான் கண்டுபிடித்தது அல்ல. பிரெஞ்சுச் சைக்கிள் பயணத்துக்கே தகப்பனார் என்று சொல்லப்படும் வெலோசியோ, அதாவது பால் த விவி (1853–1930), தம் சீடர்களுக்கு வைத்த விதிகளில் இவையும் உண்டு. பகட்டுக்காகப் பெடல் போடாதே என்பதும் அவர் சொன்னதுதான். அதை உனக்கென்று தனியாக அடிக்கோடிடுகிறேன். 1936-இல் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு முதன்முதலாக இரண்டு வார விடுமுறை கிடைத்தபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் ஏராளம். அவர்கள் யாரும் எத்தனை கிலோமீட்டர் என்று போனில் போட்டுக் காட்டவில்லை.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாதை தார் அல்ல, கெட்டித்த மணல். மெல்லிய பந்தய டயர் வேண்டாம். 35 மில்லிமீட்டராவது அகலம் இருக்கட்டும். மழை பெய்தால் சேறு தெறிக்கும், மட்கார்ட் இல்லாவிட்டால் முதுகெல்லாம் கோலம்தான். ஒரு ட்யூப், ஒரு பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான். பையை முதுகில் மாட்டாதே, கேரியரின் இரு பக்கமும் தொங்கவிடு. மணி கட்டாயம். இந்தப் பாதை நடக்கிறவர்களுக்கும் சொந்தம், குதிரையில் வருகிறவர்களுக்கும் சொந்தம். முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று மணியடிக்காமல் தூரத்திலேயே அடித்துவிட்டு வேகத்தைக் குறை. மீன் பிடிக்கிறவர்களின் தூண்டிற்கழி பாதைக்குக் குறுக்கே கிடக்கும். நின்று, அவர் எடுத்தபின் போ. “பொன்ழூர்” சொல்லாமல் யாரையும் கடக்காதே. நகரத்தில் அது இல்லாமல் பிழைக்கலாம், இங்கே முடியாது.

தனியாகப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். உன் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆனால் வார நாட்களில் ஒரு மணி நேரம் யாரும் எதிரே வராமல் இருக்கலாம், சில பள்ளங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. இரவு தங்கும் இடத்தை முந்தின நாளே பேசி வை. பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளில் சைக்கிள்காரர்களுக்கென்று ‘அக்கேய் வெலோ’ முத்திரை போட்டவை இருக்கின்றன. சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள். ஒவ்வொரு மதகுக்கும் பெயர் உண்டு. கடைசியாகத் தாண்டிய மதகின் பெயரை மனதில் வைத்துக்கொள். அவசர உதவிக்கு 112-க்குக் கூப்பிட நேர்ந்தால் இருக்குமிடம் சொல்ல அதுதான் உதவும். ஜூன் மாதத்தில் இரவு பத்துவரை வெளிச்சம் இருக்கும், அதை நம்பி இருட்டும்வரை ஓட்டாதே. பாதையில் விளக்கு கிடையாது.

கிராமத்தில் சிலர் எந்த ஊர் என்று கேட்பார்கள். அன்பாகக் கேட்பவர்களும் உண்டு, முறைத்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. புதுச்சேரி என்று சொல். ‘பொந்திஷேரி’ என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்த வயதானவர்கள் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீ போய்ப் பார்த்திராத வீதிகளைப் பற்றி உன்னிடமே விசாரிப்பார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் நேரமாகிவிட்டது என்று கிளம்பு. அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வழியில் என்ன பார்ப்பது என்று பட்டியல் போட்டுத் தரமாட்டேன், சிலதை மட்டும் சொல்கிறேன். மயேன் நகரத்துக் கோட்டையில், பிற்காலத்துக் காரைக்குள் மறைந்துகிடந்த, ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைய கூடம் ஒன்றை 1990-களில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேரம் போதும். லவாலுக்கு அரை நாள் கொடு. வீட்டைவிட்டுப் பெரிதாக எங்கும் போகாமல் காடும் புலியும் வரைந்தாரே ஹான்ரி ரூஸோ, அவர் 1844-இல் பிறந்த ஊர் அது. பிரான்சைத் தாண்டாத மனிதர். பாரிஸ் தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தைப் பார்த்துத்தான் அந்தக் காடுகளை வரைந்தார். பழைய கோட்டையில் அவர் வழியில் வந்த ஓவியர்களுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. மேட்டிலிருக்கும் பெரீன் பூங்காவில் அவர் கல்லறை. நாடகாசிரியர் அல்ஃபிரெத் ழாரியும் லவாலில் பிறந்தவர்தான், 1873-இல். பெரிய சைக்கிள் பைத்தியம். 1896-இல் லவால் கடை ஒன்றில் பந்தயச் சைக்கிளைக் கடனுக்கு வாங்கியவர், கடைசிவரை முழுப் பணத்தையும் கட்டவேயில்லை. ஆற்றோரம் துணி துவைக்கிறவர்களுக்காகக் கட்டிய மிதக்கும் துறை ஒன்றும் அங்கே இன்னும் நிற்கிறது, அதைத் தவறவிடாதே.

லவாலுக்குத் தெற்கே ஆந்த்ராமில் ஆற்றை ஒட்டி ஒரு மடம். புரட்சிக் காலத்தில் நாட்டைவிட்டுப் போன துறவிகள் 1815-இல் திரும்பி வந்து குடியேறிய இடம். போர்-சலூ என்ற பாலாடைக்கட்டி இங்கேதான் பிறந்தது. இப்போது அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது தொழிற்சாலைச் சரக்கு. இந்த மாவட்டமே பால் மாவட்டம். உலகின் பெரிய பால் நிறுவனங்களில் ஒன்றான லாக்தாலிஸ் 1933-இல் லவாலில்தான் சிறிதாகத் தொடங்கியது. கரையோரப் புல்வெளியில் நிற்கும் மாடுகளைப் பார்த்தாலே அதற்கான காரணம் புரியும். ஒரு சின்ன டப்பாவில் பருப்புப் பொடி எடுத்துக்கொள். ஆறு நாள் வெண்ணெயும் பாலாடையும் தின்றால் நாக்கு கெஞ்சும்.

ஷாத்தோ-கொன்த்தியேவுக்கு வியாழக்கிழமை காலையில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள், சந்தை நாள். அதற்குக் கீழே மெனில் கிராமத்தில் பருவத்தில் மட்டும் ஓடும் ஓடம் ஒன்று உண்டு. அதற்குச் சற்றுத் தள்ளிக் கரைப்பாதை நின்றுபோய், சின்னச் சின்ன ஊர்ச்சாலைகள் வரும். இங்கே ஏற்றமும் உண்டு, எப்போதாவது ஒரு காரும் டிராக்டரும் உண்டு. தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று அடித்தால் முகத்தில்தான் அடிக்கும். எரிச்சல்படாமல் ஷெனியே-ஷான்ழே ஆலையடியில் இறங்கி உட்கார்ந்து ஒரு காப்பி குடி. லியோன்-தான்ழேயில் குதிரைப் பண்ணையைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம்.

ஆன்ழேக்குச் சற்று முன்னால் சார்த் ஆறு வந்து மயேனோடு சேர்ந்துகொள்ளும். சேர்ந்தபின் அதற்கு மேன் என்று பெயர். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட ஓடாமல் புஷ்மேனில் லுவாரில் விழுந்துவிடும். இரண்டு ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் சேன்-ஓபேன் தீவு குளிர்காலத்தில் பெரும்பாலும் நீருக்குள். கோடையில் மாடு மேயும். அங்கே நான் வந்து நிற்கிறேன், கடைசிச் சில கிலோமீட்டர் சேர்ந்து ஓட்டுவோம். மறுநாள் கோட்டையில் இருக்கும் 14-ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலையைப் பார்க்கலாம். ஊழிக்காலக் காட்சிகளை நெய்தது, இன்னும் நூறு மீட்டர் நீளம் மிஞ்சியிருக்கிறது. மூன்று நாள் இங்கே தங்கிவிட்டுப் போ. மாமா மீன் குழம்பு வைப்பார்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய். அதிவேக ரயிலில் எல்லா வண்டியிலும் சைக்கிள் ஏற்றமாட்டார்கள். ஏற்றும் வண்டிகளிலும் சில இடங்கள்தான், அதற்குத் தனிக் கட்டணம், உன் டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்து இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உனக்கு மட்டும் போட்டுவிட்டுச் சைக்கிளுக்குப் போட மறந்தால், சக்கரத்தைக் கழற்றிப் பையில் அடைத்துத்தான் கொண்டுபோக வேண்டிவரும். போய் வரும் இரண்டு டிக்கெட்டையும் போட்டுவிட்டு எனக்குத் தேதி எழுது.

அன்புடன்,
அத்தை